வண்டு தொடாத கத்தரி உண்டா?

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் கத்தரி இலை சல்லடையாவது புதுமையல்ல. முதுகில் 28 கரும்புள்ளிகள் கொண்ட எபிலாக்னா வண்டும், உடலெங்கும் முள் கொண்ட அதன் மஞ்சள் புழுவும் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். இதைக் கண்ட கமக்காரர் வண்டு தொடாத இனம் எது என்று கேட்பது இயல்பு. ஆனால் அந்த இனத்தைத் தேடி அலைவதைவிட, வண்டு தின்ற பிறகும் காய்க்கிற செடியைத் தேடுவதே குடாநாட்டுக்குப் பயன்படும்.

பயிரின் பூச்சி எதிர்ப்பை அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினல்ட் பெயின்ரர் 1951இல் மூன்றாகப் பிரித்தார். பூச்சி நாடாத செடி ஒன்று. தின்ற பூச்சியை வளரவிடாத செடி இன்னொன்று. தின்னக் கொடுத்தும் விளைச்சலை விடாத செடி மூன்றாவது. முதல் வகைக்குப் பாகல் நல்ல உதாரணம். பூசணி, வெள்ளரி நாற்றுகளை மொட்டையடிக்கும் சிவப்பு வண்டு பாகலைப் பெரும்பாலும் சீண்டாது. ஆனால் அது வேறொரு பயிர். கத்தரி இனங்களுக்குள்ளே அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைப்பதில்லை. கத்தரிக் குடும்பத்தின் கசப்புச் சத்துகள் வேறு பூச்சிகளை விரட்டலாம். எபிலாக்னாவோ அந்தக் குடும்பத்திலேயே ஊறியது, சுண்டையையும் மணத்தக்காளியையும்கூடத் தின்னும். இலையடியில் அடர்ந்த மயிர் சிறு புழுவைத் தாமதப்படுத்தலாம், தடுத்துவிடாது. அதோடு, பல இனங்களை அருகருகே நட்டுப் பார்க்கும்போது வண்டு ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகும். தோட்டம் முழுக்க அந்த ஒரே இனம் நின்றால்? பசித்த வண்டு அதையே தின்னும். அருகருகே வைத்துப் பார்த்த சோதனையை மட்டும் நம்பி விதை வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

நவீன விஞ்ஞானம் இதைத் தீர்த்துவிடாதா என்று கேட்கலாம். வங்கதேசம் 2014 முதல் பயிரிடும், மரபணு மாற்றிய பீ.ரி. கத்தரி, தண்டையும் காயையும் துளைக்கும் அந்துப்பூச்சிப் புழுவுக்கு எதிராக உருவானது. அதில் உருவாகும் பூச்சிகொல்லிப் புரதம் எபிலாக்னா வண்டை ஒன்றும் செய்யாது. சுண்டைத் தண்டில் கத்தரியை ஒட்டலாமே என்பாரும் உண்டு. அதனால் வாடல் நோயும் வேர்முடிச்சுப் புழுவும் கட்டுப்படும், ஆனால் மேலே துளிர்ப்பது பழைய கத்தரி இலைதான். மிஞ்சுவது, மருந்தடித்தால் ஒரே நாளில் முடியுமே என்ற வாதம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத, சுண்ணக்கல்லுக்குள் ஊறிய மழைநீரை நம்பிக் கிணறு தோண்டிய மண் இது. தோட்டத்தில் போடுவது குடிநீரைத் தொடும் என்பதை இங்குள்ள கிணறுகளில் கண்ட நைத்திரேற்று எப்போதோ காட்டிவிட்டது. எபிலாக்னா புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் நுண்ணிய குளவியையும் மருந்து சேர்த்தே அழிக்கிறது.

ஆகவே பெயின்ரரின் மூன்றாவது வகைக்கே வருகிறேன். நன்றாக வேர் பிடித்த கத்தரி, இலையில் ஒரு பங்கை இழந்தாலும் புதிதாய்த் துளிர்த்து ஈடுசெய்யும். நாற்றுப் பருவத்தில் அந்த வலு இல்லை. அப்போதுதான் இலையடி முட்டைகளை நசுக்குவதும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் அவசியம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரையே தாங்கிய ஊதாக் கத்தரி போன்ற, கலப்பினமல்லாத இனங்களில் கமக்காரரே தெரிவு செய்யலாம். வண்டு மிகுந்த காலத்தில் தோட்டத்தைச் சுற்றி வந்து, இலை அரிபட்டும் காய் குறையாத செடிகளுக்கு நூல் கட்டி, அவற்றின் பழுத்த காயிலிருந்து மட்டும் விதை எடுக்க வேண்டும். தேனீ அயல் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவரும் என்பதால், விதைக்கு விடும் பூவை மலருமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, பிஞ்சு பிடித்த பின் அவிழ்க்கலாம்.