பன்னிரண்டு ஆச்சிகளைக் காணோம்!

ஹெட்போன் ஜாக்கைப் பாதி மட்டும் செருகிப் பாட்டுக் கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? (இருக்கும். ஆபீஸில் மேனேஜர் வருகிற சத்தம் கேட்டு அவசரமாகச் செருகியிருப்பீர்கள்.) வயலின் கேட்கும். கிடார் கேட்கும். பாடகரை மட்டும் காணோம்! உற்றுக் கேட்டால் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து அவருடைய எதிரொலி மட்டும் மிதந்து வரும். ஆள் இல்லை, ஆவி இருக்கிறது!

பில்லி, சூனியம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. ஜாக் சரியாக உட்காராமல் எர்த் தொடர்பு விட்டுப்போனால், இரண்டு காதுக்கும் 'இடது கழித்தல் வலது' என்ற மிச்சம்தான் வந்து சேரும். பாடகரின் குரலை நட்ட நடுவில், இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் வைத்திருப்பார்கள். பத்திலிருந்து பத்துப் போனால் பூஜ்யம். ஆள் அவுட். ஆனால் அவர் குரலுக்குப் போட்ட எதிரொலி இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. அது கழித்தாலும் மிஞ்சும்.

சினிமாப் பாட்டில் நாம் 'ஆஹா, என்ன ஒரு பிரம்மாண்டம்!' என்று சொக்கிப்போகிறோமே, அந்த பிரம்மாண்டத்தில் பாதி இந்த ஆவிகளின் கைங்கரியம்தான். டிலே, கோரஸ், ஃப்ளாஞ்சர் என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. நான் படித்தது பி.காம். இருந்தாலும் இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், காரைக்குடியில் மாடி அறையில் ரிக்கார்டிங் வைத்திருக்கும் என் நண்பன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறான். (முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. கீழ் வீட்டுக் குக்கர் விசில் தாராளமாக உள்ளே வரும்.)

டிலே என்றால் என்ன என்று தெரிய கம்ப்யூட்டரே வேண்டாம். பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்றில் போய்க் கை தட்டினால் போதும். முன்வாசல் ஒரு தெருவில், கொல்லை வாசல் அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள். நம் ஊர் வெயிலில் சத்தம் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பதினேழரை மீட்டர் தள்ளி இருக்கிற சுவரில் முட்டித் திரும்பி வந்தால் 35 மீட்டர். ஆக, நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். சவுண்ட் இன்ஜினீயர் பாஷையில் 100 மில்லிசெகண்ட். தட்டியது ஒரு தட்டு, கேட்பது இரண்டு தட்டு.

சுவர் பக்கத்தில் இருந்தால்? அங்கேதான் வேடிக்கை. 30 மில்லிசெகண்டுக்குள் திரும்பி வருகிற சத்தத்தை நம் மூளை தனியாகக் கணக்கில் வைப்பதில்லை. முதலில் வந்ததோடு சேர்த்து ஒரே வரவாக எழுதிவிடுகிறது. முதலில் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம்தான் ஆள் நிற்கிறான் என்றும் முடிவு கட்டிவிடுகிறது. 1949-ல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் இதை அளந்து டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடே எழுதினார். இன்றைக்கும் ஸ்டுடியோக்காரர்கள் 'ஹாஸ்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு குரலை இடப்பக்கம் வை. அதே குரலின் காப்பியை 12 மில்லிசெகண்ட் தாமதமாக வலப்பக்கம் வை. முடிந்தது! ஒல்லிப்பிச்சான் குரல் கல்யாண மண்டபம் அகலத்துக்குப் பரந்துவிடும்.

அடுத்தது கோரஸ். கோயிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வாசிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஸ்வரம்தான். ஆனாலும் இவர் ஒரு மயிரிழை முந்துவார், அவர் ஒரு மயிரிழை பிந்துவார். ஸ்ருதியும் இம்மி அளவு விலகிச் சேரும். அந்த இம்மிதான் கனம், அதுதான் அழகு. கோரஸ் கருவி இதை ஒரே குரலை வைத்துச் செய்யப் பார்க்கிறது. காப்பியை 20, 25 மில்லிசெகண்ட் தாமதித்து, அந்தத் தாமதத்தையே ஊஞ்சல் மாதிரி மெதுவாக ஆட்டுகிறது. தாமதம் கூடிக் குறையும்போது ஸ்ருதியும் லேசாக இறங்கி ஏறும். நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஹாரன் ஒரு ஸ்ருதியிலும், தாண்டிப் போன பிறகு வேறு ஸ்ருதியிலும் கேட்கிறதே, அதே சங்கதி. தாமதத்தை இன்னும் குறைத்து, வந்ததையே திரும்ப உள்ளே விட்டால் ஃப்ளாஞ்சர். ஜெட் விமானம் தலைக்கு மேல் போவது மாதிரி 'உஷ்ஷ்ஷ்' என்று சுழலும். ஃபேஸர் அதன் ஒன்றுவிட்ட தம்பி. விடுங்கள்.

இந்த வித்தைக்கு ஒரு சோம்பேறித்தனமும் காரணம். ஒரே பாட்டை அதே மாதிரி இரண்டு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் குரல் கனமாகும். பீட்டில்ஸ் கோஷ்டியின் ஜான் லென்னனுக்கு இரண்டாம் தடவை பாடுவது வேப்பங்காய். அவருக்காக லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் கென் டவுன்ஷெண்ட் என்ற இன்ஜினீயர் 1966-ல் இன்னொரு டேப் மெஷினை இணைத்து, பாடகர் பாடாமலே குரல் இரட்டிக்க வழி கண்டுபிடித்தார். ஐந்து வருஷம் கழித்து, 1971-ல், லெக்ஸிகன் கம்பெனி டேப்பே இல்லாத டிஜிட்டல் டிலே கருவியைக் கொண்டுவந்துவிட்டது. இன்றைக்கு இலவச ஆப்பில் எல்லாம் கிடைக்கிறது. அதுதான் வம்பு!

நீண்ட எதிரொலிக்கு இன்னொரு திருகு உண்டு. ஃபீட்பேக். எதிரொலியில் எத்தனை சதவிகிதத்தைத் திரும்ப உள்ளே அனுப்புவது என்று சொல்கிற திருகு. 40 சதவிகிதம் வைத்தால் 100, 40, 16, 6.4 என்று தேய்ந்து மறையும். ஒழுங்காக அடைபடுகிற கடன்! 100 சதவிகிதம் வைத்தால் அசல் குறையவே குறையாது. அதற்கும் மேலே வைத்தால் குட்டி போட்டு, குட்டி குட்டி போட்டு, ஸ்பீக்கரையே ஜப்தி செய்துவிடும். பர்மா, மலாயா என்று போய் வட்டிக் கணக்குப் பார்த்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்கு சவுண்ட் புதிசே இல்லை. இங்கே பிறந்த ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் கிராமபோன் ரிக்கார்டு விற்பனையில் தொடங்கியவர். 1946-ல் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோ நடத்தியவர். 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம்தான். பிறகு 1948-ல் ஸ்டுடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. அந்தப் படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் ஒற்றைத் தடத்தில் பதிவாகி, திரையரங்கிலும் ஒற்றைத் தடமாகவே ஒலித்தவை. இடது, வலது கிடையாது. 'குரல் குறுகலாக இருக்கிறதே' என்று யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. லண்டனில் ஆலன் ப்ளம்லீன் ஸ்டீரியோவுக்கு 1931-லேயே காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டுவிட்டார். ஆனால் தமிழ் சினிமாவில் ஸ்டீரியோ ரிக்கார்டிங் என்று ஊர் முழுக்கப் பேசவைத்தது 1978-ல் இளையராஜாவின் 'ப்ரியா'.

அதற்குப் பிறகு ஸ்டீரியோ வந்த இடமெல்லாம் வந்தது. வராத இடமும் நிறைய. கோயில் வாசல் குழாய், தேர்தல் ஜீப், டீக்கடையில் தொங்கும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்... முக்கால்வாசி இடத்தில் இடதும் வலதும் ஒரே வாயில் சேர்ந்துதான் வெளியே வருகின்றன. நம் ஜனங்கள் பாட்டுக் கேட்பது அந்த ஒற்றை வாயில்!

என் நண்பன் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடப்பது நகரத்தார் வழக்கம். மற்ற ஊர்க்காரர்களும் கோஷ்டி கோஷ்டியாக நடப்பார்கள். அப்படி ஒரு கோஷ்டி, தங்களுக்கென்று ஒரு பாட்டு பதிவு செய்ய வந்தது. முன்னால் ஒருவர் பாட, பின்னால் பன்னிரண்டு ஆச்சிகள் 'அரோகரா' வாங்க வேண்டும். முழங்கால் வலியால் இந்த வருஷம் நடக்க முடியாத ஆச்சிகள். 'நாங்கதேன் வர முடியல. எங்க குரலாவது பழனிக்குப் போகட்டும்' என்று மாடிப்படி ஏறி வந்தவர்கள்.

நண்பன் உற்சாகமாகிவிட்டான். பாடகருக்கு ஹாஸ், 12 மில்லிசெகண்ட். ஆச்சிகளுக்குக் கோரஸ் போட்டான். போதாதென்று எங்கேயோ வீடியோவில் பார்த்த வித்தை ஒன்று: அரோகராவை அப்படியே இரண்டு காப்பி எடுத்து இடமும் வலமும் வைத்து, வலப்பக்கக் காப்பியைத் தலைகீழாக்கினான். அதாவது அலையில் மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. ஹெட்போனில் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது. சத்தம் தலைக்கு வெளியே போய், மலையையே சுற்றி வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இயர்போன் வைத்திருந்த பேரன்மார்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் வேனில் குழாய் ஸ்பீக்கர் கட்டி வெள்ளோட்டம். ஆச்சிகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. முன்பாட்டுக்காரர் குடத்துக்குள் தலையை விட்டுப் பாடினார். ஒவ்வொரு அடி முடிந்ததும்... நிசப்தம். தவில் மட்டும் தனியாக நடந்தது. அரோகரா? காணோம்!

நண்பன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு விஷயம் சட்டென்று புரிந்தது. பி.காம். ஆயிற்றே! இடப்பக்கம் டெபிட், வலப்பக்கம் அதே தொகைக்கு கிரெடிட். ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் கூட்டியதும் கணக்கு டாலி ஆகிவிட்டது. பாலன்ஸ் பூஜ்யம். பன்னிரண்டு ஆச்சிகளும் ஒட்டுமொத்தமாக நேர் செய்யப்பட்டுவிட்டார்கள்!

முன்பாட்டுக்காரர் குடத்துக்குள் போனதும் அதே கணக்குத்தான், ஆனால் தவணை முறையில். அலையும் அதன் தாமதக் காப்பியும் ஒன்றாகும்போது சில அதிர்வெண்களில் மேட்டோடு மேடு சேர்ந்து பெருக்கும், சிலவற்றில் மேட்டோடு பள்ளம் சேர்ந்து அழிக்கும். தாமதம் 1 மில்லிசெகண்ட் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். 12 மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 83 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம். வரைந்து பார்த்தால் சீப்பின் பல் மாதிரி இருப்பதால் 'கோம்ப் ஃபில்டர்' என்று பெயர். குரலைச் சீப்பால் வாரிவிட்டால் என்ன மிஞ்சும்?

முதல் ஆச்சி எழுந்து வந்தார்.

"ஏந் தம்பி, பன்னெண்டு பேரு தொண்டை வறளப் பாடுனமே. ஒருத்தர் குரலையும் காணமே?"

"ஹெட்போன்ல கேளுங்க ஆச்சி. சூப்பரா வரும்."

"நடந்து போற அம்புட்டுப் பேருக்கும் ஹெட்போன் வாங்கிக் குடுப்பியா?"

பதில் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மாடி ஏறினோம்.

நண்பன் முதலில் செய்த நல்ல காரியம், மிக்ஸிங் சாஃப்ட்வேரில் 'மோனோ' என்ற பொத்தானை அழுத்தியது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்தது, பாவம்! அழுத்தினால் குழாயில் வரப்போகிற லட்சணம் அப்படியே தெரிந்துவிடும். முன்பாட்டுக்காரரின் 12 மில்லிசெகண்ட் காப்பியைத் தூக்கி எறிந்தான். அவரை நடுவில் உட்கார்த்தினான். எதிரொலி வேண்டுமே? பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 90 தட்டு. 60,000-ஐ 90-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 667 மில்லிசெகண்ட். அந்தத் தாமதத்தில், அடி முடிகிற கடைசி எழுத்துக்கு மட்டும் சின்ன எதிரொலி. இவ்வளவு நீளத் தாமதம் குரலைச் சீப்பால் வாராது. தாளத்தோடு தனியாக வந்து விழும். கீழ் ஸ்தாயியையும் வெட்டிவிட்டான், குழாயில் அது எப்படியும் வராது. எதிரொலி என்பது செட்டிநாட்டுக் குழம்பில் கல்பாசி மாதிரி. கொஞ்சம் கூடினால் கசப்புத்தான் தெரியும்.

ஆச்சிகளை எப்படி மீட்பது? அங்கே கை கொடுத்தது கீழ் வீட்டுக் குக்கர். விசில் குறுக்கிட்டதால் அன்றைக்கு அரோகராவை மூன்று தடவை பாட வைத்திருந்தான். மூன்றும் பத்திரமாக இருந்தன. விசில் விழுந்த இடங்களை மட்டும் வெட்டிவிட்டு, முதல் தடவை பாடியது நடுவில், இரண்டாவது இடப்பக்கம், மூன்றாவது வலப்பக்கம். கோரஸ் கருவி வேண்டாம், தலைகீழ் வித்தை வேண்டாம். மனுஷர்கள் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி இரண்டு தடவை பாடவே முடியாது. அதனால் இடதும் வலதும் சேர்ந்தாலும் ஒன்றை ஒன்று அழிக்காது. கருவி கஷ்டப்பட்டுப் போலி செய்த சமாச்சாரம், ஆச்சிகளின் தொண்டையில் இனாமாக இருந்தது!

இன்னொரு கண்டமும் இருந்தது. சில வேன்களில் மொபைலிலிருந்து வருகிற ஒயர் இடப்பக்கத்தை மட்டுமே எடுக்கும். வலப்பக்கம் வைத்த நாதஸ்வரம் வீட்டோடு நின்றுவிடும். நண்பன் ரிஸ்க் எடுக்கவில்லை. வேனுக்கு என்றே மோனோவில் தனிக் காப்பி போட்டு பென் டிரைவில் ஏற்றினான். ஸ்டீரியோ காப்பி பேரன்மார்களின் இயர்போனுக்கு.

விடிகாலை மூன்றரை மணி. பனி. வேனில் பாட்டைப் போட்டான். முன்பாட்டுக்காரர் குடத்திலிருந்து வெளியே வந்திருந்தார். அடி முடிந்தது. குழாயிலிருந்து 'அரோகரா' தெருவையே நிறைத்துக்கொண்டு வந்தது. எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது.

அதே ஆச்சி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காதைக் கொடுத்து முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு நண்பனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நாங்க பன்னெண்டு பேருதேன பாடுனோம்? முப்பது, நாப்பது பேரு மாதிரி கேக்குதே. மத்தவுகளுக்கும் சேத்துக் காசு கேப்பியோ?"