முதல் பந்தியில் ஓர் இலை

நங்கநல்லூரில் எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். வீட்டுத் தரகு வேலை செய்கிறார். தரகு என்றதும் கக்கத்தில் தோல்பையும் வாயில் வெற்றிலையுமாக ஓர் ஆசாமியை நீங்கள் கற்பனை செய்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. இவர் கைத்தறிப் புடவையும் தலைக்கவசமுமாக ஸ்கூட்டரில் போய் வீடு காட்டுகிறவர். கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட பிறகு, ஏழு வருஷங்களாக அந்தக் குடும்பம் ஓடுவதே அந்த ஸ்கூட்டரில்தான்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை மாமி டெலிபோனில் கூப்பிட்டார்.

"உன்னிடம் ஒரு யோசனை கேட்கணும். என் வளையல் ஜோடியைப் பாங்கில் வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருக்காவது உடம்பு சரியில்லையா, மாமி?" என்று பதறினேன்.

"உடம்பெல்லாம் பகவான் புண்ணியத்தில் சரியாத்தான் இருக்கு. இந்த இன்டர்நெட் கம்பெனிக்காரப் பிள்ளைதான் விடமாட்டேன் என்கிறான். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் என் வீடுகளை எப்போதும் பட்டியலில் மேலேயே காட்டுவானாம். இன்றைக்கே கட்டினால் பாதி விலையாம். நாளைக்கு இந்த விலை கிடையாதாம்!"

பாதி விலை என்பது 60,000 ரூபாய். அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதாவது 10,800 ரூபாய். ஆக 70,800 ரூபாய். ஒரு ஜோடி வளையலின் சமாசாரம்தானே என்று சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? அந்த வளையல் பெண்ணின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது.

"இன்றைக்குக் கட்ட வேண்டாம், மாமி. சாயங்காலம் நான் வருகிறேன். உங்கள் கணக்கு நோட்டை எடுத்து வையுங்கள்" என்றேன்.

வாசகிகளே, இது மாமியின் கவலை மட்டும் அல்ல. வீட்டிலிருந்தபடியே தரகு வேலையில் இறங்கியிருக்கும் பெண்கள் இன்று எத்தனையோ பேர். நீங்கள் அந்த வேலையில் இல்லாவிட்டாலும், என்றாவது ஒரு நாள் வீடு தேடத்தான் போகிறீர்கள். பட்டியலில் முதலில் வரும் வீடு ஏன் முதலில் வருகிறது என்பதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு காலத்தில் சென்னையில் வீடு தேடுவதென்றால் தெருத் தெருவாக நடந்து, வாசல் கேட்டில் 'டு-லெட்' அட்டை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பொடி எழுத்து வரி விளம்பரங்களைத் துழாவ வேண்டும். 2005-இல் 99 ஏக்கர்ஸ், 2006-இல் மேஜிக்பிரிக்ஸ் என்று இணையத் தளங்கள் வந்தன. 2014-இல் பெங்களூரிலிருந்து, தரகரே வேண்டாம் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு, நோபுரோக்கர் வந்தது. இப்போது வீட்டு வேட்டை உள்ளங்கையிலேயே நடக்கிறது.

இத்தகைய தளங்களில் ஒன்றிரண்டு வீடுகளை இனாமாகவே போட இடம் உண்டு. ஆனால் இனாம் விளம்பரம் பட்டியலில் எங்கோ அடியில் கிடக்கும். பணம் கட்டினால் மேலே ஏறும். 'பிரீமியம்' என்றோ வேறு ஏதாவதோ ஒரு முத்திரை விழும். படம் பெரிதாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இது புது வித்தை அல்ல. பத்திரிகை வரி விளம்பரத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவதற்கு அந்த நாளிலேயே தனிக் கட்டணம் வாங்கினார்கள். கட்டத்துக்கு ஒரு விலை, மேல் வரிசைக்கு ஒரு விலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை கிடைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்திக்குச் சீட்டு விற்கிறார்கள். சீட்டு வாங்கியவர்கள் பத்துப் பேரானால் சௌகரியம். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் வாங்கிவிட்டால்? முதல் பந்தியிலேயே அடிதடிதான். இந்த வியாபாரத்தில் உள்ள முதல் சூட்சுமம் இதுதான். நங்கநல்லூரில் பணம் கட்டிய தரகர்கள் ஐந்து பேர் என்றால் மாமிக்குப் பிரயோஜனம் உண்டு. ஐம்பது பேர் என்றால், பணம் கட்டியும் மாமி அடியில்தான் இருப்பார்.

சாயங்காலம் மாமியின் நோட்டைப் புரட்டினோம். பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் நடுவில் தரகுக் கணக்கும் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. மாமி ஏற்கெனவே ஆனி மாதத்தில் இதே மாதிரி மூன்று மாதப் 'பாக்கேஜ்' ஒன்று எடுத்திருந்தார். கட்டணம் 18,000 ரூபாய், வரி 3,240, ஆக 21,240.

அந்த மூன்று மாதங்களில் வந்த அழைப்புகள் 64. "64 பேர் கூப்பிட்டிருக்கிறார்களே, போதாதா?" என்று அந்தப் பிள்ளை மாமியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தானாம். நாங்கள் அந்த 64-ஐயும் பிரித்துப் பார்த்தோம்.

கூப்பிட்டவர்களில் 19 பேர் மற்றத் தரகர்கள். "உங்களிடம் வேறு என்ன வீடு இருக்கிறது?" என்று உளவு பார்க்க வந்தவர்கள். சும்மா விலை விசாரித்தவர்கள் 11 பேர். மறுபடி மாமி கூப்பிட்டபோது போனையே எடுக்காதவர்கள் 14 பேர். 12 பேருக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. நேரில் வந்து வீடு பார்த்தவர்கள் 8 பேர். முடிந்த வீடு ஒன்றே ஒன்று. அதில் மாமிக்குக் கிடைத்த ஒரு மாத வாடகைக் கமிஷன் 22,000 ரூபாய்.

22,000-இல் 21,240 போனால் மிச்சம் 760 ரூபாய். எட்டுப் பேருக்கு வீடு காட்டப் போய்வந்த பெட்ரோலை இதில் கழிக்க வேண்டாம்; மாமியின் மனசு கஷ்டப்படும்.

"அதே மூன்று மாதத்தில் வேறு வீடு ஏதாவது முடித்தீர்களா?" என்று கேட்டேன்.

"மூன்று முடிச்சேனே! ஒன்று பழைய குடித்தனக்காரர் சொல்லி வந்தது. ஒன்று அடுக்குமாடிச் சங்கத்துக் காரியதரிசி சொன்னது. மூன்றாவது நம்ம வாட்ச்மேன் கொண்டுவந்தது. அவனுக்கு மட்டும் தீபாவளிக்கு வேட்டி வாங்கிக் கொடுத்தேன்."

ஆகவே இணைய விளம்பரம் சுத்த மோசடி என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. நோட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. விளம்பரத்தால் முடிந்த அந்த ஒரு வீட்டுக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? பூனாவிலிருந்து மாற்றலாகி வந்த இளந்தம்பதி. நங்கநல்லூரில் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது. வாட்ச்மேனும் தெரியாது, சங்கக் காரியதரிசியும் தெரியாது. மாமியை அவர்கள் கண்டுபிடிக்க அந்தத் தளத்தை விட்டால் வேறு வழியே கிடையாது.

காசு கொடுத்து வாங்கும் மேல் வரிசை, ஊருக்குப் புதியவர்களிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட நினைப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் அது கண்ணில் படும். தொழிலுக்குப் புதிதாக வந்த, நாலு பேரைத் தெரியாத தரகருக்கும் அது கைகொடுக்கும். ஏற்கெனவே பேட்டை முழுவதும் தெரிந்த மாமி போன்றவர்கள் எல்லா வீட்டுக்கும் வருஷம் முழுவதும் அதற்காகப் பணம் கொட்டுவது வீண்.

அதிலும் காலம் பார்க்க வேண்டாமா? நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்கள் அபூர்வம். மாமி எடுத்த மூன்று மாதத்தின் நடுவே ஆடி உட்கார்ந்திருந்தது. ஒரு மாதப் பணம் அப்படியே போயிற்று. விற்க வந்தவர் பஞ்சாங்கமா பார்க்கிறார்? நாம்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், பணம் கட்டுவது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் வீட்டை விற்கிற சொந்தக்காரரே விளம்பரச் செலவை ஏற்கிறார். செலவு அவருடையது, கூடவே தரகரின் பெயரும் படமும் பிரபலமாகின்றன. அங்கே தரகர் சந்தோஷமாக மேல் வரிசை கேட்பதில் ஆச்சரியம் இல்லை. இங்கிலாந்தில் தரகர்களே மாதா மாதம் கட்டணம் செலுத்துகிறார்கள். அங்குள்ள ரைட்மூவ் என்னும் தளம் 2000-ஆம் வருஷத்தில் பெரிய தரகு நிறுவனங்கள் நான்கு சேர்ந்து ஆரம்பித்தது. பிற்பாடு அதன் கட்டணம் கட்டி மாளவில்லை என்று தரகர்களே முணுமுணுத்து, 2015-இல் ஆன்தமார்க்கெட் என்று சொந்தமாக ஒரு தளம் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 2006-இல் வந்த ஜில்லோ தளத்தில் இன்னும் விசித்திரம். ஒரு தரகர் போட்ட வீட்டின் பக்கத்தில், பணம் கட்டிய வேறொரு தரகரின் பெயர் வரும். வீட்டைப் பற்றி விசாரிப்பவர் கடைசியில் அவரிடம் போய்ச் சேருவார்.

நம் ஊரில் பணம் தரகரின் கையிலிருந்துதான் போகிறது. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வருமானம் உள்ள சிறு தரகர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு இல்லாதவர் விளம்பரத்துக்குக் கட்டும் 18 சதவிகித வரியைத் திரும்ப ஈடுசெய்துகொள்ளவும் முடியாது. அந்த வரி முழுவதும் கைநஷ்டம். பாதி விலை என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனிமேல் உங்களிடம் யாராவது பாக்கேஜ் விற்க வந்தால், காப்பி கொடுத்து உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

என் பேட்டையில் இதே பாக்கேஜை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்?

வீடு கேட்டு ஒருவர் எழுதினால் அது எனக்கு மட்டும் வருமா, இன்னும் நாலு தரகர்களுக்கும் போகுமா?

ஒரே ஒரு மாதத்துக்கு, ஒரே ஒரு வீட்டுக்கு எடுக்க முடியுமா?

வீடு முடிந்துவிட்டால் மீதி நாட்களுக்கு வேறு வீட்டை அந்த இடத்தில் போடலாமா?

காலம் முடிந்ததும் என்னைக் கேட்காமல் பாங்குக் கணக்கிலிருந்து மறுபடி பணம் எடுப்பீர்களா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். இன்றே கட்டினால்தான் இந்த விலை என்று சொன்னால், மாதக் கடைசியா என்று காலண்டரைப் பாருங்கள். அவருக்கும் மாதத்துக்கு இத்தனை என்று கணக்கு முடிக்க வேண்டிய கவலை இருக்கும், பாவம்!

வீடு தேடும் வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டியலில் முதலில் நிற்பதால் ஒரு வீடு உயர்ந்ததாகிவிடாது. யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். புதிதாகக் கட்டும் அடுக்குமாடிகளில் ஃபிளாட் வாங்குவதாயிருந்தால், 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் உங்களுக்குத் துணை இருக்கிறது. சட்டப்படி பதிவாக வேண்டிய திட்டம் என்றால், விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அதை விற்றுக் கொடுக்கும் தரகரும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. தமிழ்நாட்டு ஆணையத்தின் இணையத் தளத்தில் இந்த எண்ணைச் சரிபார்ப்பதற்குக் காசு கிடையாது. பளபளக்கும் முத்திரையைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

மாமி என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? வருஷப் பாக்கேஜ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மறுநாளும் அதே பாதி விலைக்கு அந்தப் பிள்ளை கூப்பிட்டான் என்பது வேறு விஷயம்.

தை பிறந்ததும் இரண்டே வீடுகளுக்கு மட்டும் ஒரு மாதம் பணம் கட்டினார். வரியோடு சேர்த்து வீட்டுக்கு 1,770 ரூபாய். இரண்டுமே வேறு தரகர் கையில் இல்லாதவை. காலை வெளிச்சத்தில் ஜன்னல்களைத் திறந்துவைத்துப் படம் எடுத்தார். தண்ணீர் எப்படி வரும், கார் நிறுத்த இடம் உண்டா, பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டார். நங்கநல்லூர் சாலை மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த முதல் வீடு பன்னிரண்டாம் நாள் முடிந்தது. வந்தவர்கள் ஊருக்குப் புதியவர்கள்தான். கமிஷன் 26,000 ரூபாய்.

இரண்டாவது வீடு? மாதம் முழுவதும் மேல் வரிசையிலேயே இருந்தது. ஆனால் எதிர்த் தெருவில் அதே மாதிரி வீடு 4,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. இந்த வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க மாட்டேன் என்றார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பந்தியில் இலை போட்டுவிட்டால் உப்பில்லாத சாம்பார் ருசித்துவிடுமா?

போன வாரம் மாமியைப் பார்த்தேன். வளையல் ஜோடி பீரோவிலேயே இருக்கிறதாம். நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டிருந்தார். தலைப்பு: 'யார் சொல்லி வந்தார்கள்?' இனி வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போகிறாராம்.

நீங்களும் தரகுத் தொழிலில் இருந்தால், அந்தப் பத்தியை இன்றைக்கே உங்கள் நோட்டில் கோடு போட்டுவிடுங்கள். பணம் கட்டலாமா, வேண்டாமா என்பதை மூன்று மாதத்தில் அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.