உறங்கும் இதயத் தசை: இயங்காத தசையெல்லாம் இறந்த தசை அல்ல

“உங்கள் இதயத் தசையின் ஒரு பகுதி சரியாக இயங்கவில்லை” என்று மருத்துவர் சொன்னால் மனம் தளர்ந்துவிடாதீர்கள். அந்தத் தசை இன்னும் உயிரோடு இருக்கலாம்.

ஏன் இந்த நிலை?

இதயத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் கொழுப்புப் படிந்தால் குழாய் குறுகிவிடும். அப்போது கிடைக்கும் இரத்தம் தசை உயிர்வாழப் போதும். முழுமையாக வேலை செய்யப் போதாது. ஆகவே, தசை தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காத்துக்கொள்கிறது. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இதய மருத்துவர் ரஹீம்தூலா, 1980-களில் இந்நிலையை விளக்கி மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார்.

மாரடைப்பு இதிலிருந்து வேறுபட்டது. குழாய் முற்றாக அடைபட்டால், சில மணி நேரத்தில் தசை இறந்து, பின்னர் வடுவாகிவிடும். வடு மீண்டும் இயங்காது.

ஜொகூர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரம் இலைகளை உதிர்த்து, பட்ட மரம்போல் நிற்கும். ஆனால் உயிர் இருக்கும். மரம் தானாகத் துளிர்த்துவிடும். இதயத் தசைக்கோ சிகிச்சை வேண்டும். காலம் கடத்தினால் உறங்கும் தசையும் வடுவாகலாம்.

எப்படிக் கண்டறிவார்கள்?

மருந்து செலுத்தி இதயத் துடிப்பைச் சற்றுத் தூண்டி, எக்கோ கருவியில் பார்ப்பார்கள். உயிருள்ள தசை கூடுதலாக அசையும், வடு அசையாது. எம்ஆர்ஐ படத்தில் வடு தனியாகத் தெரியும்.

என்ன சிகிச்சை?

எல்லாருக்கும் மருந்தே அடிப்படை. இதயம் பலவீனமான 1,212 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்துடன் பைபாஸ் அறுவை சிகிச்சையும் பெற்றவர்களிடையே 10 ஆண்டுகளில் இறப்பு குறைவாக இருந்தது. ஆனால், 2022-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மருந்துடன் ஸ்டென்ட் பொருத்தியது இறப்பைக் குறைக்கவில்லை. ஆகவே, உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• நடந்தால் மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் இருந்தால் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள். தேவைப்பட்டால், ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனை போன்ற இதயப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

• நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி தெரியாமலே இதயம் பாதிக்கப்படலாம். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

• உடம்பு தேறிவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• புகைப்பதை விடுங்கள், உப்பைக் குறையுங்கள்.

• நெஞ்சில் இறுக்கம், வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே 999-ஐ அழையுங்கள். பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.