யாங்சியின் நீர்ப் படிகள்

சீன தேசத்தின் சோங்கிங் நகரில் உல்லாசக் கப்பல் ஏறி, யாங்சி மகாநதியில் கிழக்கு நோக்கிச் செல்லும் பிரயாணிகள், வானளாவும் பாறைச் சுவர்களுக்கிடையே குதாங், வூ ஆகிய மலையிடுக்குகளைக் கடந்து, மூன்றாவதாகிய சிலிங் இடுக்கில் பிரவேசித்த பின், நதியைக் கரைக்குக் கரை மறித்து நிற்கும் மூன்று மலையிடுக்கு அணையைக் காண்கிறார்கள். 1919-ஆம் ஆண்டிலேயே சீனத் தலைவர் சன் யாட் சென் வெளியிட்ட யோசனை இது. நிர்மாணம் தொடங்கியதோ 1994-இல்தான். ஏறக்குறைய 2,300 மீட்டர் நீளமுள்ள இந்த அணையில், ஒவ்வொன்றும் 700 மெகாவாட் சக்தியுள்ள 32 பிரதான மின் இயந்திரங்கள் இயங்குகின்றன. உலகிலேயே மிகப் பெரிய மின் நிலையம் இதுவே.

பார்த்தவுடன் பிரமிக்க வைப்பது அணையின் பருமன். என்றாலும், கப்பல்கள் அதனைக் கடந்து செல்ல வகுத்திருக்கும் உபாயமே என் மனத்தை அதிகம் கவர்கிறது. மலையைக் குடைந்து ஐந்து நீர்ப் படிகள் அமைத்திருக்கிறார்கள்: ஒரு படியில் கப்பல் நுழைந்ததும் கதவுகள் மூடப்பட, மதகுகளின் வழியே ஜலம் கீழ்ப்படிக்கு இறங்க, அதனோடு கப்பலும் மெல்லத் தாழ்ந்து, இரு மட்டங்களும் சமமானதும் அடுத்த கதவு திறக்கிறது. இப்படி இறங்க நான்கு மணி நேரம்போல் ஆகும். 2016-இல் இயங்கத் தொடங்கிய கப்பல் தூக்கியோ, நீர் நிரம்பிய தொட்டியோடு கப்பலையும் சேர்த்தே ஏற்றி இறக்குகிறது. கப்பல் உள்ளே வரும்போது அதன் எடைக்குச் சமமான ஜலம் தொட்டியிலிருந்து விலகிவிடுவதால், கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் பாரம் ஒன்றே. தராசுத் தட்டுகளைப் போல், மறுபுறம் தொங்கும் எடைகள் அந்தப் பாரத்தைச் சமன் செய்வதால், அதை அசைக்கச் சொற்ப சக்தியே போதுமானது.

1931-இலும் 1954-இலும் யாங்சியின் வெள்ளம் விளைத்த பேரழிவை நினைத்தால் அணையின் அவசியம் விளங்கும். வெள்ளம் வருமுன், ஜூன் மாதத்திற்குள், நீர்த்தேக்கத்தைக் கடல் மட்டத்திற்கு மேல் 145 மீட்டர் அளவுக்குத் தாழ்த்தி, 2,215 கோடி கன மீட்டர் ஜலத்துக்கு இடம் ஒதுக்கி வைத்து, அபாயம் நீங்கிய பின் 175 மீட்டர் வரை நிரப்புகிறார்கள். கோடையில் செல்பவர்கள் கரையோரம் நீர் இறங்கிய தடத்தைத் தெளிவாகக் காணலாம்.

ஆனால் அந்த நீருக்கடியில் ஊர்களும் வயல்களும் ஆலயங்களும் கிடக்கின்றன. சுமார் 13 லட்சம் ஜனங்கள் பூர்விக ஸ்தலங்களை விட்டுப் பெயர நேர்ந்தது. 1992-இல் தேசிய மக்கள் பேராயத்தில் வாக்கெடுத்தபோது, அங்கத்தினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் திட்டத்தை ஆதரிக்கவில்லை. ஃபூலிங் நகரத்தருகே, நதி வற்றும்போது மாத்திரம் தலைகாட்டும் பாறையொன்றில், 1,200 ஆண்டுகளாக மக்கள் நீர் மட்டத்தைக் கல்வெட்டுகளாலும் மீன் உருவங்களாலும் குறித்து வந்தார்கள். அதுவும் மூழ்கிவிட்டபடியால், ஆற்றின் அடியிலேயே ஒரு காட்சிசாலை அமைத்து, 2009 முதல் கண்ணாடிச் சாளரங்களின் வழியே காட்டுகிறார்கள். அணையைக் காணச் செல்லும் அன்பர்கள் வழியில் ஃபூலிங்கில் இறங்கி, அந்தப் பாறையையும் அவசியம் பார்த்துவிட்டுச் செல்ல வேண்டும்.