பேச முடியாத சக்கரவர்த்தி

தொண்டை கட்டினால் நம் வீடுகளில் மிளகுக் கஷாயம் தயாராகிவிடும். பெரும்பாலும் நாலே நாளில் குணமும் தெரியும். 1887-ஆம் வருஷம் ஜனவரியில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்குக் கம்மிய குரலோ, மாதங்கள் சென்றும் தெளியவில்லை.

குரல் நாணில் ஒரு சிறு முளையைக் கண்ட வைத்தியர்கள், மின்சாரத்தால் காய்ச்சிய கம்பி கொண்டு அதைச் சுட்டார்கள். அது திரும்ப வளர்ந்தது. மே மாதத்தில் கழுத்தைக் கீறி அதை அகற்ற ஏற்பாடாயிற்று. அச்சமயம் லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் மொரெல் மெக்கென்ஸி, முதலில் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமென்று தடுத்தார். பரிசோதித்த பேராசிரியர் ருடால்ப் விர்ஹோ, அதில் புற்றின் அடையாளம் இல்லை என்றார். சத்திர சிகிச்சை கைவிடப்பட்டது.

மெக்கென்ஸி கேட்டதில் பிசகில்லை. துணுக்கைப் பாராமல் இன்றைய டாக்டரும் முடிவு சொல்லமாட்டார். ஆனால் துணுக்கில் காணாதது கட்டியிலும் இராது என்று நம்பலாமா? சந்தேகம் தீராவிட்டால் இன்று மறுபடியும், ஆழத்திலிருந்து எடுத்துப் பார்க்கிறார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் குரல் நாணை நேரிலேயே கண்டுவிடுகிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால், முக்கியமாகப் புகையிலைப் பழக்கமுள்ளவர்கள், இந்தச் சோதனைக்குப் போய்விட வேண்டும். ஆரம்பத்திலேயே பிடிபட்ட குரல் நாண் புற்று, கதிர்ச் சிகிச்சையாலோ லேஸர் சிகிச்சையாலோ பெரும்பாலும் குணமாகிறது.

பிரெடெரிக்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நவம்பரில், இத்தாலியிலுள்ள ஸான் ரெமோவில், புற்று என்பது நிச்சயமாயிற்று. 1888 பிப்ரவரியில் மூச்சு விடுவதற்கே கழுத்தில் துளையிட நேர்ந்தது. மார்ச் 9-ந் தேதி தந்தை காலமாகவே, அவர் சக்கரவர்த்தியானார். காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டியே காரியங்களை நடத்தினார். அதுவும் 99 நாட்கள்தான். ஜூன் 15-ந் தேதி காலமானார்.