குரூஸுக்கு முன் ரோமில் எத்தனை நாள் தங்கலாம்?
மத்தியதரைக்கடல் குரூஸ் அட்டவணையில் 'ரோம்' என்றிருந்தாலும், கப்பல் நிற்பது சிவிடவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் சுமார் 70 கி.மீ. ரயிலில் போய்வரவே பாதிப் பகல் கரைந்துவிடும். அதனால் கப்பல் ஏறும் முன்பே ரோமில் மூன்று இரவுகள் தங்குவது நல்லது. விமானம் தாமதமானாலும் கப்பலைத் தவறவிடும் பயம் இருக்காது.

முதல் நாள் ஓய்வு. இரண்டாம் நாள் கொலோசியம், ரோமன் ஃபோரம். மூன்றாம் நாள் வாட்டிகன். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, மற்ற ஞாயிறுகளில் வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வயதானவர்கள் உடன் வந்தால் இன்னொரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்லா ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு மெட்ரோவில் அரை மணி நேரம்தான். அக்ரோபோலிஸ் மட்டும் போதுமென்றால், கப்பல் நிற்கும் பகலிலேயே பார்த்துவிடலாம்.