ஒரு பிடி கடுகு



புத்தர் நம்ம ஊருக்குப் புதியவர் அல்ல. நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த புத்தர் சிலைகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். புத்தர் காலத்துப் பெண் ஒருத்தியின் கதையை இந்த மாதம் பார்ப்போம்.

அவள் பெயர் கிசா கோதமி. 'கிசா' என்றால் மெலிந்தவள். ஏழை வீட்டுப் பெண் என்பதால் புகுந்த வீட்டில் மரியாதை இல்லை. ஆண் பிள்ளை பெற்ற பிறகுதான் மதித்தார்கள். ஓடி விளையாடும் வயதில் அந்தப் பிள்ளை இறந்துபோனது. பிள்ளையோடு அந்த மரியாதையும் போய்விடும் நிலை. உடலை இடுப்பில் சுமந்துகொண்டு, "மருந்து கொடுங்க" என்று வீடு வீடாக அலைந்தாள். ஊரார் பைத்தியம் என்றார்கள்.

புத்தர் அப்படிச் சொல்லவில்லை. "ஒரு பிடி கடுகு வாங்கி வா. ஆனால் சாவே நடக்காத வீட்டிலிருந்து வாங்கணும்" என்றார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு நடக்காத வீடுதான் இல்லை. மாலைக்குள் அவளுக்குப் புரிந்தது. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்து பிக்குணியானாள்.

'எல்லாரும்தான் சாகிறார்கள், அழாதே' என்று புத்தர் சொல்லியிருந்தால் அவள் மனம் ஆறியிருக்குமா? ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவர் தன் துக்கத்தைச் சொன்னார். கேட்கக் கேட்கத்தான் அவள் தெளிந்தாள்.

இது நம் குழுக்களுக்கும் பொருந்தும். கணவரை இழந்த உறுப்பினர் மாதக்கணக்கில் கூட்டத்துக்கு வருவதில்லை. சேமிப்பு நிற்கும், கடன் தவணை தவறும். நாமும் "பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று விட்டுவிடுகிறோம். வேளச்சேரி குழுக்களுக்கு நாம் சொல்வது இதுதான்:

● பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு பேர் வீட்டுக்குப் போங்க. அதில் ஒருவர் அதே இழப்பைப் பட்டவராக இருந்தால் நல்லது.

● இறந்தவரின் வங்கி பாஸ்புத்தகத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருந்தால் வாரிசுதாரருக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்க வழி உண்டு. தள்ளிப்போடாமல் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குக் கூடவே போங்க.

● தவணைக்கு அவகாசம் கொடுப்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

● வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால் அவரையும் முதல் வரிசையில் உட்கார வையுங்க.

உங்க குழுவில் யார் ரொம்ப நாளா வரவில்லை? அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க.